கல்லுக்குள் கிடந்த எறும்பும் என் தட்டைப்பயறும்



எறும்புகள் அடிமண்ணைக் கிளறி மேலே கொண்டு வருவதைப் பற்றி முன்பு ஒருமுறை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஓர் இளம் உழவர், வட்டாரக் கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஐயா, இந்த எறும்பு பூமிக்கு எப்ப வந்துச்சு?" என்றார். "டைனோசர் காலத்துலயே இருந்துச்சுப்பா" என்றேன். "அது எப்படிங்க தெரியும்? யாரு பார்த்தா?" என்றார். கிண்டலுக்குக் கேட்கவில்லை, உண்மையாகத்தான் கேட்டார். முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது, இரண்டாவதற்கு இல்லை. வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் "ஆதாரம் எங்கே?" என்று மற்றவர்களைக் கேட்டவன், அன்றைக்கு டீயை மட்டும் குடித்துவிட்டு வீடு வந்து சேர்ந்தேன்.

அதற்கப்புறம் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். பிரேசில் நாட்டில் ஒரு சுண்ணாம்புக் கல்லுக்குள் கிடந்த எறும்பை, புதிய இனம் என்று 2025 ஏப்ரலில் அறிவித்தார்கள். வயது 11 கோடியே 30 லட்சம் ஆண்டுகள். இதுவரை சந்தேகமில்லாமல் எறும்பு என்று தெரிந்தவற்றில் அதுதான் மூத்தது. 'இதைத் தெரிந்துகொண்டு என் நிலத்துக்கு என்ன ஆகப்போகிறது' என்று கேட்பீர்கள். ஒரு பூச்சியைச் சரியாக அடையாளம் காண்பது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. அடையாளம் தப்பினால் என்ன ஆகும் என்பதை நான் என் வயலிலேயே பார்த்தவன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நிலம் வாங்கி மூன்றாவது வருஷம் அரை ஏக்கரில் தட்டைப்பயறு போட்டிருந்தேன். பூ நன்றாக வந்தது. பிஞ்சு பிடிக்கும் நேரத்தில் செடியெல்லாம் கருப்பும் பழுப்புமாகச் சின்னச் சின்ன எறும்புகள் ஓடின. எனக்கு ஒரே சந்தோஷம். எறும்பு உழவனின் நண்பன், புழுவைத் தூக்கிக்கொண்டு போகும் என்று படித்திருந்தேன் இல்லையா? கூட வேலை செய்த அம்மா ஒருவர், "சார், இது எறும்பு மாதிரி தெரியலையே, நசுக்கினா நாத்தம் அடிக்குது" என்றார். "எறும்புதாம்மா, விடுங்க" என்று சொல்லிவிட்டேன். இரண்டு வாரத்தில் காய்கள் சுருங்கின, உள்ளே மணிகள் பொக்காகி, புள்ளி விழுந்து போயின. பாதிக்கு மேல் போச்சு. அவை எறும்பே இல்லை. காயில் சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சியின் குஞ்சுகள். அந்தப் பூச்சி வளர்ந்தால் ஒல்லியாக, பழுப்பாக, பின் தொடை தடித்து இருக்கும். கிட்டப் போனால் விர்ரென்று பறக்கும். குஞ்சாக இருக்கும்போது மட்டும் அச்சு அசல் எறும்பு வேஷம். எறும்பு கடிக்கும், கொட்டும் என்று பறவையும் சிலந்தியும் ஒதுங்கிப் போகும் அல்லவா, அந்தப் பயத்தில் இது பிழைத்துக்கொள்கிறது. பறவையை ஏமாற்றுகிற வேஷம் என்னையும் ஏமாற்றிவிட்டது. அந்த அம்மாவை ஏமாற்ற முடியவில்லை.

நான் செய்த தவறு என்ன? உருவத்தைப் பார்த்தேன், உறுப்பைப் பார்க்கவில்லை. இனி பிரேசிலுக்குப் போவோம்.

கடப்பாக் கல் போல ஒரு கல்

பிரேசிலின் வடகிழக்கில் சியாரா என்று ஒரு மாநிலம். வறண்ட பூமி, மழை பொய்த்தால் பஞ்சம். அங்கே அராரிப்பி என்ற பீடபூமியின் அடிவாரத்தில் கிராட்டோ என்ற ஊர். அந்த வட்டாரத்தில் மஞ்சளும் சாம்பலுமாக ஒரு சுண்ணாம்புக் கல் அடுக்கடுக்காகக் கிடைக்கிறது. நம்ம ஊரில் கடப்பாக் கல்லைப் பலகை பலகையாகப் பெயர்த்து வீட்டுக்குத் தளம் போடுகிறோம் அல்லவா, அதேபோல அங்கேயும் வெட்டித் தளக்கல்லாக விற்கிறார்கள். குவாரித் தொழிலாளி உளியை வைத்து ஒரு பலகையைப் பிளக்கும்போது, சில நேரம் உள்ளே ஒரு மீனோ, தும்பியோ, வெட்டுக்கிளியோ ஓவியம் போலப் பதிந்து கிடக்கும். உலகத்திலேயே பூச்சிப் புதைபடிவங்கள் மிக அதிகமாகவும் நேர்த்தியாகவும் கிடைக்கிற இடங்களில் அது ஒன்று.

காரணம் இருக்கிறது. 11 கோடி ஆண்டுகளுக்கு முன் அது ஆழம் குறைந்த, அசைவில்லாத நீர்நிலை. தென் அமெரிக்காவும் ஆப்பிரிக்காவும் அப்போதுதான் ஒன்றை விட்டு ஒன்று பிரிந்துகொண்டிருந்தன. நம் இந்தியத் துண்டு ஆசியாவோடு இன்னும் வந்து ஒட்டவில்லை. அந்த நீரின் அடியில் உயிர்க்காற்று மிகக் குறைவு. செத்து விழுந்த பூச்சியைத் தின்ன மீனும் இல்லை, புழுவும் இல்லை. மாவு போல நைசான சுண்ணாம்புச் சேறு மேலே மேலே படிந்தது. பூச்சியின் உடம்பு இருந்த இடத்தில் மெல்ல மெல்ல இரும்புத் தாதுக்கள் வந்து உட்கார்ந்தன. அச்சு அப்படியே நின்றுவிட்டது. நாம் மக்குக் குழியில் எதை வேண்டுகிறோமோ, அதற்கு நேர் எதிரான நிலைமை. மக்கியிருந்தால் நமக்கு எறும்பு கிடைத்திருக்காது.

இப்படிப் பெயர்த்தெடுத்த ஒரு கல், தனியார் சேகரிப்பு ஒன்றிலிருந்து நன்கொடையாக சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தின் விலங்கியல் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. மற்ற கற்களோடு கல்லாகக் கிடந்தது. 2024 செப்டம்பரில் ஆண்டர்சன் லெப்பிகோ என்ற ஆய்வாளர் அந்தச் சேகரிப்பை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தபோது அவர் கண்ணில் இது பட்டது. இந்த இடத்தைக் கவனியுங்கள். காட்டில் தோண்டி எடுத்த கண்டுபிடிப்பு இல்லை இது. ஏற்கெனவே கையில் இருந்ததை ஒருவர் பொறுமையாக மறுபடி பார்த்தார், அவ்வளவுதான்.

இது எறும்புதானா?

பார்த்ததும் "எறும்பு!" என்று அறிவித்துவிட முடியாது. அப்படி அறிவித்து மாட்டிக்கொண்ட கதை அதே பாறையிலேயே உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை.

1990ஐ ஒட்டி, இதே பாறையிலிருந்து வந்த ஒரு பூச்சியை 'உலகின் மிகப் பழைய எறும்பு' என்று மூன்று பிரேசில் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். பெயர் காரிரிட்ரிஸ் பைபெட்டியோலேட்டா. காரிரி என்பது அந்த வட்டாரத்தின் பெயர். இட்ரிஸ் என்பது எறும்பைக் குறிக்கப் பழைய கிரேக்கர்கள் பயன்படுத்திய சொல். பைபெட்டியோலேட்டா என்றால் இடுப்பில் இரண்டு முடிச்சு உள்ளது என்று பொருள். எறும்பின் இடுப்பைப் பார்த்திருப்பீர்கள். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு முடிச்சோ இரண்டு முடிச்சோ தனியாகத் தெரியும். கல்லில் அப்படி இரண்டு முடிச்சு தெரிகிறது என்று நினைத்தார்கள். பிற்பாடு வேறு ஆய்வாளர்கள் அதே கல்லை மறுபடி பார்த்து, அது எறும்பு இல்லை, ஒரு குளவி என்று சொன்னார்கள். எறும்பே குளவிக் குடும்பத்திலிருந்து கிளைத்து வந்த உயிர்தான். ஆகவே இவ்வளவு பழைய காலத்தில் அண்ணன் யார் தம்பி யார் என்று பிரிப்பது சுலபமில்லை.

இதைப் படித்ததும் எனக்குப் பழைய வேலைதான் ஞாபகத்துக்கு வந்தது. கணக்கு ஆரம்பிக்கும்போது வாடிக்கையாளரிடம் மாதிரிக் கையெழுத்து வாங்கி ஓர் அட்டையில் வைப்போம். காசோலை வந்தால் அந்த அட்டையோடு ஒப்பிட வேண்டும். ஒரு கிளையில் அண்ணன் கணக்குக் காசோலையில் தம்பி கையெழுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் ஒரே வாத்தியாரிடம் எழுதப் பழகியவர்கள் போல; எழுத்து அப்படியே இருந்தது. கூட்டமான நாள். அட்டையை எடுக்காமல், 'தெரிந்த கையெழுத்துதானே' என்று பாஸ் பண்ணிவிட்டேன். விசாரணை வந்தது. எனக்குப் பின்னால் வந்த அதிகாரி அட்டையை எடுத்து வைத்து, ஒரு எழுத்தின் சுழியைக் காட்டி, "இது அண்ணன் போடுற சுழி இல்லை சார்" என்றார். அந்த அட்டை பத்திரமாக இருந்ததால்தான் உண்மை தெரிந்தது.

உயிரியலில் அந்த அட்டைக்குச் சமமான ஒன்று உண்டு. புதிய இனத்துக்குப் பெயர் வைக்கும்போது ஒரே ஒரு உடலைத் தேர்ந்தெடுத்து, எண் கொடுத்து, இன்ன அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்று எழுதி வைக்க வேண்டும். அதை நாம் மூல மாதிரி என்று சொல்லிக்கொள்வோம். நாளைக்கு உலகத்தில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அந்த உடலைத்தான் போய்ப் பார்க்க வேண்டும். காரிரிட்ரிஸ் தவறு என்று கண்டுபிடிக்க முடிந்ததும் இதனால்தான். இன்னொரு விதியும் வேடிக்கையானது. ஒருமுறை முறைப்படி வைத்த பெயர் பொருத்தமில்லை என்று தெரிந்தாலும் மாற்றமாட்டார்கள். ஆகவே எறும்பு என்ற சொல்லையும் இரண்டு முடிச்சையும் பெயரிலேயே சுமந்துகொண்டு அந்தக் குளவி இன்றைக்கும் இருக்கிறது.

இன்னும் ஒரு செய்தி. அன்றைக்குக் காரிரிட்ரிஸை எறும்பு என்று எழுதிய மூவரில் ஒருவர் பிரண்டாவ் என்பவர். 2025இல் வந்த புதிய கட்டுரையை எழுதிய ஐந்து பேரிலும் அவர் பெயர் இருக்கிறது. முப்பத்தைந்து வருஷம் கழித்து அதே பாறையிலிருந்து உண்மையான எறும்பு. எனக்கு அவரைத் தெரியாது. ஆனால் அந்தப் பெயரை இரண்டாவது தடவை பார்த்தபோது மனசுக்கு நிறைவாக இருந்தது.

சரி, இந்தத் தடவை எப்படி உறுதி செய்தார்கள்? கல்லை உடைக்காமல் ஸ்கேன் எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்களே, அதேதான். மிக நுணுக்கமாகப் பார்க்கிற கருவி, அவ்வளவு வித்தியாசம். கல்லைச் சுற்றிச் சுற்றி எக்ஸ்ரே எடுத்து, அத்தனை நிழலையும் கணினியில் சேர்த்தால் உள்ளே இருக்கிற உடம்பு முப்பரிமாணமாக எழுந்து வருகிறது. கல்லுக்குள் புதைந்திருந்த பக்கமும் தெரிந்துவிடும். 1990இல் மேலே தெரிந்த பக்கத்தை மட்டும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டியிருந்தது. இப்போது தாடை எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று பார்க்க முடிந்தது.

பார்த்தவர்களுக்கு ஆச்சரியம். அது சாதாரண எறும்பு இல்லை. 'நரக எறும்பு' என்று ஆங்கிலத்தில் பெயர் வாங்கிய ஒரு கூட்டத்தைச் சேர்ந்தது.

மேலும் கீழும் அசைந்த தாடை

இதைப் புரிந்துகொள்ள ஒரு சின்ன வேலை செய்யுங்கள். வரப்பில் ஒரு துண்டு வெல்லத்தை வைத்துவிட்டு, கட்டெறும்பு வந்ததும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் போதும். எறும்பின் தாடை இடது வலதாக, கத்தரிக்கோல் போலத் திறந்து மூடும். இன்றைக்கு உயிரோடு இருக்கிற எல்லா எறும்புக்கும் அப்படித்தான். பெயர் வைக்கப்பட்ட எறும்பு இனங்கள் இன்று 14,000 போல இருக்கின்றன. ஒன்றுகூட விலக்கு இல்லை.

நரக எறும்புகளுக்கு அப்படி இல்லை. அவற்றின் தாடை கதிர் அரிவாள் போல வளைந்து மேல் நோக்கி நிற்கும், மேலும் கீழுமாக அசையும். பல இனங்களுக்கு முகத்தில் ஒரு கொம்பும் உண்டு. தாடை மேலே வந்து இரையை அந்தக் கொம்போடு சேர்த்து அழுத்திப் பிடிக்கும். இது வெறும் ஊகம் என்று சிலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2020இல் ஓர் அம்பர் துண்டை வெளியிட்டார்கள். அம்பர் என்பது மரப்பிசின் இறுகிக் கல்லானது. வேப்பம் பிசினில் எறும்பு ஒட்டிக்கொண்டு சாவதைப் பார்த்திருப்பீர்களே, அந்த மாதிரி. மியான்மரில் கிடைத்த, 9 கோடியே 90 லட்சம் ஆண்டுப் பழமையான அந்தத் துண்டுக்குள் ஒரு நரக எறும்பு, கரப்பானுக்கு உறவான ஒரு பூச்சிக் குஞ்சைத் தாடைக்கும் கொம்புக்கும் நடுவே கவ்விக்கொண்டே உறைந்து போயிருக்கிறது. அதோடு அந்தச் சந்தேகம் தீர்ந்தது.

பிரேசில் எறும்பும் அந்த வகைதான். இதற்கு முன்னால் நரக எறும்புகள் மியான்மர், பிரான்ஸ், கனடா நாடுகளின் அம்பரில் மட்டும் கிடைத்திருந்தன. அவற்றைவிட இது சுமார் 1 கோடியே 30 லட்சம் ஆண்டு மூத்தது. அதுவும் பிசினில் இல்லாமல் பாறையில் கிடைத்தது. நீளம் ஒன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவு. இறக்கை உண்டு. இன்றைய எறும்பின் இறக்கையில் நரம்புகள் குறைவு; இதன் இறக்கையில் குளவிக்கு இருப்பது போல நிறைய. பெயர் வல்கனிட்ரிஸ் கிராட்டென்சிஸ். இட்ரிஸ் உங்களுக்கு இப்போது தெரியும். கிராட்டென்சிஸ் என்றால் கிராட்டோவைச் சேர்ந்தது. பெயருக்கு முன்னால் ஒரு சிலுவைக் குறி போடுவார்கள். இனம் அழிந்துவிட்டது என்று அர்த்தம்.

இதில் நான் ரொம்ப நேரம் யோசித்த விஷயம் ஒன்று. கிடைத்தவற்றிலேயே மூத்த எறும்பு என்றால் எளிமையாக, பாதி குளவி பாதி எறும்பாக இருக்கும் என்றுதானே நாம் எதிர்பார்ப்போம்? இது அப்படி இல்லை. வேட்டைக்கென்றே தனியாக அமைந்த முகத்தோடு வந்து நிற்கிறது. அப்படியென்றால் எறும்புக் குலம் இதற்கும் முன்னாலேயே ஆரம்பித்திருக்க வேண்டும். மூத்தது கிடைத்துவிட்டது, ஆனால் முதலாவது இன்னும் கிடைக்கவில்லை.

பாதி குளவி பாதி எறும்பு கிடைக்கவே இல்லையா என்றால், கிடைத்தது. 1966இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் எட்மண்ட் ஃபிரே என்பவரும் அவர் மனைவியும் கிளிஃப்வுட் கடற்கரையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது ஓர் அம்பர் துண்டைக் கண்டெடுத்தார்கள். அதில் இரண்டு எறும்புகள். அது ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எறும்பு ஆய்வாளர் எட்வர்ட் வில்சன் கைக்கு வந்தது. பரபரப்பில் அவர் அதைக் கீழே போட்டுவிட்டார். துண்டு இரண்டாக உடைந்தது. நல்லவேளை, ஆளுக்கு ஒன்றாக எறும்பு சேதமில்லாமல் இரண்டு பாதியிலும் பிரிந்து நின்றது. அந்தத் தம்பதி பெயரால் ஸ்பெக்கோமிர்மா ஃபிரேயி என்று 1967இல் வெளியிட்டார்கள். ஸ்பெக்கோ என்றால் குளவி, மிர்மா என்றால் எறும்பு. தாடை குளவி போலச் சின்னது, உணர்கொம்பின் முதல் கணு குட்டை. ஆனால் இடுப்பில் முடிச்சு இருக்கிறது, நெஞ்சின் பின்பக்கம் எறும்புக்கே உரிய சுரப்பியின் வாயும் இருக்கிறது. அதன் வயது சுமார் 9 கோடி ஆண்டு. பிரேசில் எறும்பைவிட இளையது. எளிமையான உருவம் பிந்தியும், சிக்கலான உருவம் முந்தியும் கிடைத்திருக்கிறது. குடும்பத்தில் கடைசித் தம்பிதான் தாத்தா ஜாடையில் இருப்பான், அது போல.

அந்தச் சுரப்பியைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் ஊறும் நீர் காளானையும் நுண்ணுயிரையும் தடுக்கும். மண்ணுக்குள் ஈரத்தில், ஆயிரக்கணக்கில் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்கிற உயிருக்கு நோய் தொற்றாமல் இருக்க வேண்டாமா? உடம்பிலேயே மருந்து வைத்திருக்கிறது. ஆனால் மரத்தில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறுக்கு இந்தச் சுரப்பி கிடையாது. நம் கட்டெறும்புக்கும் கிடையாது. பரிணாமத்தில் பிற்பாடு இழந்துவிட்டன. அதனால்தான் ஆய்வாளர்கள் ஒரே ஓர் உறுப்பை வைத்து முடிவு சொல்வதில்லை, நாலைந்தைச் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

கல் யாருக்குச் சொந்தம்?

நம் இயக்கத்தார் கேட்க வேண்டிய கேள்வி இது. பிரேசிலில் 1942இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள்: மண்ணுக்கு அடியில் இருக்கும் புதைபடிவம் நாட்டின் சொத்து, அனுமதி இல்லாமல் எடுக்கவோ வெளியே கொண்டு போகவோ கூடாது. ஆனாலும் இந்த அராரிப்பி வட்டாரத்துக் கற்கள் ஏராளமாக வெளிநாடு போயின. குவாரியில் வேலை செய்பவருக்குச் சில்லறை, கை மாறிக் கை மாறிப் போனால் பெரிய பணம். கொப்பரைக்கும் மஞ்சளுக்கும் நாம் பார்க்காத கதையா? 2020இல் இதே வட்டாரத்திலிருந்து போன ஒரு டைனோசர் படிவத்துக்கு ஜெர்மனி அருங்காட்சியகம் ஒன்றில் வைத்து உபிராஜாரா என்று பெயர் சூட்டினார்கள். பிரேசில் மக்கள் விடவில்லை. எங்கள் கல் எங்களுக்கு வேண்டும் என்று கிளம்பினார்கள். கட்டுரை திரும்பப் பெறப்பட்டது, 2023இல் படிவம் பிரேசிலுக்குத் திரும்பி வந்தது. நம் எறும்பு பிரேசில் கல்லில் கிடைத்து, பிரேசில் அருங்காட்சியகத்தில் இருந்து, பிரேசில் ஆய்வாளர்களால் பெயர் பெற்றது என்பதை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும்.

வேம்புக்கு ஐரோப்பாவில் கொடுத்த காப்புரிமையை எதிர்த்து நம்மவர்கள் போராடி, 2000இல் அது ரத்தாகி, மேல்முறையீடும் 2005இல் தள்ளுபடி ஆனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு வித்தியாசத்தையும் சொல்ல வேண்டும். ஓர் உயிருக்கு அறிவியல் பெயர் வைப்பதால் வைத்தவருக்கு அதன் மேல் எந்த உரிமையும் வராது. பெயரை யாரும் பயன்படுத்தலாம், தவறு என்று யாரும் நிரூபிக்கலாம். காப்புரிமையில் அந்தக் கதவு பூட்டியிருக்கும். என் பார்வையில் பெயர் வைக்கும் முறை விதை பரிமாறுவதற்குப் பக்கத்தில் வருகிறது, காப்புரிமை விதைக் கம்பெனிக்குப் பக்கத்தில் வருகிறது.

நம் வயலில் செய்ய வேண்டியது

முதல் மழைக்கு அப்புறம் சாயங்காலம் விளக்கைச் சுற்றி இறக்கைப் பூச்சிகள் வருமே, அன்றைக்கு ஒரு வெள்ளைத் தட்டில் கொஞ்சம் பிடித்து வையுங்கள். அதில் ஈசலும் இருக்கும், இறக்கை முளைத்த எறும்பும் இருக்கும். ஈசலுக்கு நாலு இறக்கையும் ஒரே நீளம், இடுப்பு இல்லை, உணர்கொம்பு மணி கோத்தது போல நேராக இருக்கும். எறும்புக்கு முன் இறக்கை பெரிது, பின் இறக்கை சிறிது. இடுப்பு ஒடுங்கி முடிச்சுத் தெரியும். உணர்கொம்பு நம் முழங்கை போல மடங்கும். கறையான் கரப்பானின் சொந்தக்காரன், எறும்பு குளவியின் சொந்தக்காரன். இந்த இரண்டையும் லென்ஸில் பிரிக்கப் பழகிவிட்டால் மற்றது தானாக வரும்.

தட்டைப்பயறு, மொச்சை, துவரை போட்டிருப்பவர்கள் பிஞ்சு விடும் சமயம் செடியில் ஓடும் 'எறும்பை' ஒன்று பிடித்துப் பாருங்கள். இடுப்பில் முடிச்சு இல்லை, உணர்கொம்பு மடங்கவில்லை, வாயில் தாடைக்குப் பதில் ஊசி போன்ற குழல் மடித்து வைத்திருக்கிறது, நசுக்கினால் நாற்றம் என்றால் அது நாவாய்ப்பூச்சிக் குஞ்சு. விடியற்காலையில் சுறுசுறுப்பு குறைவாக இருக்கும். அப்போது செடியைத் தட்டி, சோப்புத் தண்ணீர் ஊற்றிய அகலமான பாத்திரத்தில் விழவைத்து எடுக்கலாம். பூக்கும்போதே வேப்பங்கொட்டைக் கரைசல் ஒரு சுற்று கொடுத்துவிடுங்கள். வளர்ந்து பறக்க ஆரம்பித்த பிறகு பிடிப்பது பெரும்பாடு. மாமரத்தில் முசுறு போலவே இருக்கும் ஒரு சிலந்தியும் உண்டு. முன்னங்காலைத் தூக்கி உணர்கொம்பு மாதிரி ஆட்டும். காலை எண்ணினால் எட்டு வரும். அதை ஒன்றும் செய்ய வேண்டாம், விட்டுவிடுங்கள்.

பெயர் தெரியாத பூச்சி வந்தால் போட்டோ மட்டும் எடுத்து அனுப்பாதீர்கள். போட்டோவில் வாய் தெரியாது, இடுப்பு பாதிதான் தெரியும். இரண்டு மூன்றைப் பிடித்துச் சின்னக் கண்ணாடிப் புட்டியில் போட்டு, எந்தத் தேதி, எந்த வயல், எந்தப் பயிர், செடியில் எந்தப் பாகம் என்று ஒரு துண்டுச் சீட்டில் பென்சிலால் எழுதி உள்ளேயே வையுங்கள். பேனா மை ஈரத்தில் கலைந்துவிடும். சீட்டு இல்லாத பூச்சி, தேதி போடாத காசோலை மாதிரிதான். எங்கள் வீட்டு அலமாரியில் இப்படி நாற்பது புட்டிகள் ஆகிவிட்டன. வீட்டுக்கார அம்மா திட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

கூட்டத்தில் கேட்ட அந்தத் தம்பியை அடுத்த முறை பார்க்கும்போது, பார்த்தவர் பெயர் ஆண்டர்சன் லெப்பிகோ, கல் இருக்கும் இடம் சாவோ பாவ்லோ என்று சொல்லப்போகிறேன். அப்படியே தட்டைப்பயறு வயலில் எச்சரித்த அந்த அம்மாவிடம் நாற்பதாவது புட்டியைக் காட்டிக் கேட்க வேண்டும். கொத்தவரையில் பிடித்தது. தேதி, வயல், பயிர் எல்லாம் எழுதிவிட்டேன், பெயர் எழுதும் இடம் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது.